ஆட்டத்தின் இடைவேளையும் மலையின் வேலைநேரமும்

விளையாட்டு விதிகளைச் சமுதாய வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. கல்வெட்டும் செப்பேடும், கடிதமும் கணக்கேடும் வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெற்ற அளவுக்குப் பந்தாட்டத்தின் விதிநூல் பெற்றதில்லை. எனினும், ஒரு காலத்து மேட்டுக்குடியினர் மனித உடலின் இயல்பான தேவைகளை எவ்வாறு நோக்கினர், எவருடைய களைப்பைக் களைப்பென ஏற்றனர், எவருடைய களைப்பைச் சோம்பலெனத் தள்ளினர் என்பனவற்றை அறிய அவ்விதிநூல்கள் பெரிதும் துணைபுரிவன. இலங்கையின் மத்திய மலைநாடு இத்தகைய நோக்குக்கு மிகப் பொருத்தமான களமாகும். டெனிஸ் ஆடுகளமும் தேயிலை மலையும் அங்கு ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில், ஒரே வர்க்கத்தினரால், ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்கக்கூடிய தூரத்தில் அமைக்கப்பட்டன.

ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டத்தின் நடுவே மலசலகூடம் செல்வதற்குக் களத்தை விட்டு நீங்கலாமா, எப்பொழுது நீங்கலாம், எத்தனை நிமிடத்துள் திரும்ப வேண்டும் என்னும் வினா இன்று விளையாட்டுலகில் பெரிதாகப் பேசப்படுகின்றது. டெனிஸின் இளைய உறவினதாகிய பாடெல் ஆட்டத்திலும் இவ்வினா எழுந்துள்ளது. 1969இல் மெக்சிக்கோவின் அக்கபுல்க்கோ நகரில் என்ரிக்கே கொர்க்குவெரா என்பவர் தம் வீட்டில் 20 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் கொண்ட சுவர்சூழ் களம் ஒன்றை அமைத்ததிலிருந்து இவ்வாட்டத்தின் வரலாறு தொடங்குகின்றது. 1974இல் அது ஸ்பானியாவின் மார்பெல்லாவுக்குச் சென்றது. அண்மை ஆண்டுகளில் கொழும்பையும் எட்டியுள்ளது. அதன் விதிகள் டெனிஸின் விதிகளை அடியொற்றியவை. ஆட்டம் இடையறாது நிகழவேண்டும். பக்கம் மாறுகையில் 90 வினாடி, தொகுதி முடிவில் 120 வினாடி ஓய்வு. நடுவரின் இசைவின்றி எவரும் களத்தை விட்டு நீங்கலாகாது. இயற்கைத் தேவைக்காக நீங்குவதும் இவ்விசைவுக்குட்பட்டதே.

விதியில் இத்துணை நுணுக்கம் ஏன் வேண்டப்பட்டது? ஐயமே அதற்குக் காரணம். உண்மையான தேவைக்குச் செல்பவரும், எதிராளியின் வேகத்தைக் குலைப்பதற்காகச் செல்பவரும் ஒரே கதவின் வழியாகவே செல்கின்றனர். 2021 ஓகஸ்ட் 30ஆந் திகதி அமெரிக்கத் திறந்த போட்டியின் முதற் சுற்றில் கிரேக்க வீரர் ஸ்டெபனோஸ் சிட்சிபாஸ், ஸ்கொட்லாந்து வீரர் அன்டி மரேக்கு எதிரான ஆட்டத்தின் ஐந்தாந் தொகுதிக்கு முன்னர் ஏறத்தாழ எட்டு நிமிடம் களத்திற்கு வெளியே தங்கியமை பெரும் சர்ச்சைக்கு இடமளித்தது. அவர் விதியை மீறவில்லை. மீறுவதற்கு விதியில் நிமிடக் கணக்கே இருக்கவில்லை. அதன் விளைவாக 2022 தொடக்கத்தில் ஆடவர் தொழில்முறை டெனிஸ் சங்கம் தன் விதியைத் திருத்தியது. ஓர் ஆட்டத்தில் ஒரு முறை மாத்திரமே செல்லலாம். தொகுதி முடிவிலேயே செல்லவேண்டும். மலசலகூடத்தினுள் நுழைந்ததிலிருந்து மூன்று நிமிடம். உடை மாற்றுவதாயின் மேலும் இரண்டு நிமிடம். இது சற்று நகைப்புக்கிடமான நுணுக்கமாகத் தோன்றலாம். ஆயினும் இவ்விதியின் அடிப்படை கவனித்தற்குரியது. ஏமாற்றுவோர் இருக்கக்கூடும் என்பதற்காக இடைவேளையை அது மறுக்கவில்லை. அளவொன்றை வகுத்து, அவ்வளவுக்குள் அதனை உரிமையாக்கியது.

டெனிஸ் விதிநூலின் பழைய பதிப்புகளுக்குச் செல்லும்பொழுது விடயம் மேலும் சுவை பெறுகின்றது. முதற் பந்து அடிக்கப்பட்டது முதல் ஆட்டம் முடியும்வரை இடையறாது ஆடவேண்டும் என்பதும், இழந்த வலிமையை மீளப் பெறும்பொருட்டு ஆட்டத்தை நிறுத்தலாகாது என்பதும் அதன் மூலக்கொள்கைகள். பக்கம் மாறும் வேளையில் அமர்வதற்கு விம்பிள்டனில் நாற்காலிகள் இடப்பட்டதே 1975இல் தான். இத்துணைக் கண்டிப்பான விதி, ஓரிடத்தில் தானே நெகிழ்ந்து கொடுத்தது. மூன்றாந் தொகுதியின் பின்னர், பெண்கள் பங்குபற்றும் ஆட்டமாயின் இரண்டாந் தொகுதியின் பின்னர், ஆட்டக்காரர் எவரும் பத்து நிமிடத்துக்கு மேற்படாத ஓய்வைக் கோரலாம். பூமத்திய கோட்டின் இருபுறமும் 15 பாகைகளுக்கு உட்பட்ட நாடுகளிலோ அவ்வோய்வு 45 நிமிடமாக நீளலாம்.

இலங்கை முழுவதும் இவ்வெல்லைக்குள் அடங்குவதாகும். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே, வெண்பனி புல்நுனியில் உறையும் நுவரெலியா ஏழாம் பாகைக்கு அண்மையில் அமைந்திருப்பதால், அதுவும் அடங்கும். விதியை இயற்றியோர் வெயிலையே மனங்கொண்டனர். உயரத்தை எண்ணிப் பார்த்தாரல்லர். எனவே, கம்பளிச் சட்டையுடன் ஆடுபவருக்கும் வெப்ப நாட்டவருக்குரிய முக்கால் மணி நேர ஓய்வு விதிநூலின்படி உரித்தாயிற்று. தேசிய சங்கங்கள் இதனை மாற்றியமைக்க இடமிருந்தது என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். எவ்வாறாயினும், விதியை வகுத்தோரின் மனப்பாங்கு தெளிவாகின்றது. உடலுக்கு எல்லையுண்டு, காலநிலை உடலை வருத்தும், பெண்ணின் உடல் முன்னதாகவே ஓய்வை வேண்டலாம் என்னும் மூன்று கருத்துகளும் அவர்களுக்கு உடன்பாடானவை. பெண் பற்றிய அவர்தம் கணிப்பு சரியா பிழையா என்பது வேறு விவாதம்.

இவ்விதிநூலைக் கையிற் கொண்டு மலைநாட்டுக்கு வந்தவர் யாவர்? 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. 1874இல் மேஜர் வோல்டர் விங்ஃபீல்ட் இங்கிலாந்தில் புற்றரை டெனிஸுக்கான காப்புரிமையைப் பெற்றார். 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப் தோன்றியது. மறு ஆண்டில் முதலாவது விம்பிள்டன் போட்டி நடந்தது. விம்பிள்டனில் பெண்களுக்கான போட்டி தொடங்கிய 1884ஆம் ஆண்டிலேயே புகையிரதம் ஹட்டனை வந்தடைந்தது. அடுத்த ஆண்டு நானுஓயாவைத் தொட்டது. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த அந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளே டெனிஸ் பிறந்து பரவிய ஆண்டுகளுமாகும். புதிய பயிரும் புதிய ஆட்டமும் ஒரே கப்பலில் வந்தனவோ என எண்ணத் தோன்றுகின்றது.

தோட்டத்துரையின் வாழ்வில் கிளப் வகித்த இடம் பெரிது. அடுத்த துரையைக் காண்பதற்கே பல மைல் குதிரையிற் செல்லவேண்டிய தனிமையில், வாரம் ஒருமுறை கூடும் கிளப்பே அவருக்கு ஊரும் உறவும் ஆயிற்று. டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதியினர் தரவளையிலும், டிம்புளைப் பகுதியினர் ரதல்லையிலும் கூடினர். பங்களாக்கள் பலவற்றிலும் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திச் சொந்த ஆடுகளம் அமைக்கப்பட்டது. 1904 முதல் 1911 வரை இலங்கையில் நிருவாக உத்தியோகத்தராக இருந்த லெனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்று நூலொன்றில், மாலை தோறும் டெனிஸ் ஆடுவது வெள்ளையரிடையே ஏறக்குறைய ஒரு சடங்காகவே நிலவியதை எடுத்துரைத்துள்ளார். சமப்படுத்தியதும், புல் வெட்டியதும், பந்து பொறுக்கியதும் எவருடைய கைகள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. துரையும் துரைசாணியும் பந்தை அடிக்க, வலைக்கு அப்பால் ஓடி அதனைப் பொறுக்கி வந்த லயத்துப் பொடியனின் தாய், அவ்வேளையில் பெரும்பாலும் எதிரேயுள்ள மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தாயின் நாளை இனி நோக்குவோம். தோட்டத் தமிழில் ‘மலை’ என்பது தேயிலை பயிரிடப்பட்ட ஒரு பகுதியைக் குறிக்கும். விடியுமுன்னர் தப்பொலியோ கொம்பொலியோ கேட்டதும் தொழிலாளர் பிரட்டுக் களத்திற் கூடவேண்டும். ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே பிரட்டாகத் திரிந்தது என்பர். அங்குக் கணக்கப்பிள்ளை ஆட்களை எண்ணி மலைகளுக்குப் பிரித்து அனுப்புவார். மலையில் ஒவ்வொருத்திக்கும் நிரை பிடித்துக் கொடுக்கப்படும். இடுப்பிற் படங்கைச் சுற்றி, தலையிற் கூடைக் கயிற்றை மாட்டி, நிரையில் நின்று கொழுந்தெடுத்து முன்னேற வேண்டும். பின்னால் கங்காணி நிற்பார். முற்பகல், நண்பகல், மாலை என நாளொன்றுக்குப் பெரும்பாலும் மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படும். குறித்த நிறையை எடுத்தவளுக்குப் பெயர் விழும். எடுக்கத் தவறியவளுக்கு அரைப் பெயர். தோட்டத் தமிழில் ‘பெயர்’ என்னும் சொல் ஒரு நாளின் கூலியையே குறிப்பது மொழியியலாரும் சமூகவியலாரும் ஒருங்கே ஆராயத்தக்கது. மனிதரின் பெயர் நாள்தோறும் நிறைகோலில் ஏறி இறங்கிய வேறொரு தமிழ்ச் சமுதாயத்தைக் காண்டல் அரிது.

இவ்வொழுங்கில் உணவுக்கு இடைவேளை உண்டு. நிறுவைக்கு இடைவேளை உண்டு. ஆனால் இயற்கைத் தேவைக்கென எழுதப்பட்ட நேரமும் இல்லை, அமைக்கப்பட்ட இடமும் இல்லை. லயம் மலைக்குக் கீழே வெகு தூரத்தில் இருந்தது. நிரையை விட்டு நீங்கினால் கங்காணியிடம் சொல்லிக்கொண்டு நீங்கவேண்டும். கங்காணியோ பெரும்பாலும் ஆண். சொல்லிவிட்டுச் சென்றாலும் செல்லுமிடம் தேயிலைச் செடிகளின் மறைவு, அல்லது கான், அல்லது ஓடையோரம். கவ்வாத்து வெட்டிய மலையில் அம்மறைவும் கிடையாது. மழைக்காலத்தில் அட்டை, கோடையில் குளவி. ஆதலால் பெண்கள் தம்முள் ஓர் ஏற்பாட்டைக் கண்டனர். ஒருத்தி தனியே செல்வதில்லை. இருவர் மூவராகச் சென்று, ஒருத்தி அமர மற்றையோர் சேலையையோ படங்கையோ விரித்து மறைப்பர். திரும்பி வரும்வரை பக்கத்து நிரைக்காரி சில செடிகளைச் சேர்த்து எடுத்து விடுவதும் உண்டு. இன்னொரு வழியும் இருந்தது. அது தண்ணீர் குடியாதிருத்தல். காலைத் தேநீருக்குப் பின்னர் மாலைவரை நாவை அடக்கிய பெண்கள் பலர். சிறுநீர்ப் பாதையில் நோய் காணுதற்கு இது வழிகோலும் என்பதை மருத்துவர் அறிவர். அப்பெண்களும் அனுபவத்தால் அறிவர். மாதவிலக்கு நாள்களின் நிலை இதனினும் கொடியது.

விளையாட்டில் காணப்பட்ட அதே ஐயம் இங்கும் தொழிற்பட்டது. இடையில் ஒதுங்குபவள் வேலைக்கு ஒளிக்கின்றாள் என்பது துரைமாரிடமும் கங்காணிமாரிடமும் ஊறியிருந்த எண்ணம். அவ்வெண்ணம் முற்றிலும் பொய்யென்பதற்கில்லை. ஓய்வு கேட்டுப் பெறமுடியாத இடத்தில், ஒதுங்குதலைச் சற்று நீட்டி மூச்சு வாங்கிக்கொள்வது உழைப்போர் எங்கும் கையாண்ட சிறு தந்திரம். வேறுபாடு யாதெனில், டெனிஸ் அவ்வையத்துக்கு விதியால் விடை கண்டது. தோட்டம் அதனைக் கங்காணியின் குணத்துக்கு விட்டுவிட்டது. நல்ல கங்காணி கண்டும் காணாதது போலிருப்பார். மற்றவர் நிரையைத் தாண்டிக் கேட்கும்படி ஏசுவார். இரக்கத்தால் கிடைப்பதை உரிமையெனக் கொள்வதற்கில்லை.

சட்டவாக்கத்தின் வரலாறு இதனினும் தெளிவாகப் பேசுகின்றது. பிரித்தானிய ஆட்சி தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் பற்றி முற்றாகப் பாராமுகமாயிருந்ததெனல் பொருந்தாது. 1912இல் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளையும் நோய்களையும் பற்றிய கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் அறநிலையம் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. லயங்களில் மலசலகூடம் கட்டுவதற்கு வலுவான தூண்டுதலாய் அமைந்தவற்றுள் இதுவும் ஒன்று. கொக்கிப் புழு இரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோர்வடையச் செய்யும். சோர்ந்த ஆள் குறைவாகவே வேலை செய்வான். அதன் முட்டை மலத்தோடு மண்ணிற் சேர்ந்து, குஞ்சு பொரித்து, வெறுங்காலின் வழியே மீண்டும் உடலேறும். மருந்து மாத்திரம் கொடுத்து மலசலகூடம் கட்டாவிடின் புழு திரும்பவும் வரும். இவ்வாதம் அறிவியலுக்கும் இலாபத்துக்கும் ஒருசேர ஒத்ததாயிருந்தும், செலவை எண்ணித் தயங்கிய துரைமார் பலர். கட்டப்பட்டவையும் லயத்தை அண்டியே கட்டப்பட்டன. காலில் செருப்பின்றி எட்டு மணி நேரம் நின்ற மலை, புழுவின் கணக்கிலும் சேரவில்லை.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் வேலைநாளை ஒன்பது மணி நேரமாக, நண்பகல் உணவுவேளை உள்ளிட்டு வரையறுத்தது. இச்சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இவ்வெண்களை முன்னர் கூறிய டெனிஸ் விதியின் அருகே வைத்து நோக்கல் வேண்டும். ஆடுகளத்தில் பெண்ணின் உடல் வேறுபட்டது என்னும் கருத்து ஒரு தொகுதி முன்னதாகவே ஓய்வைப் பெற்றுத் தந்தது. கூப்பிடு தூரத்து மலையில் அதே கருத்து பதினொரு சதத்தைக் குறைத்தது. இரண்டையும் இயற்றியோர் ஒரே கூட்டத்தார் அல்லரெனினும், ஒரே உலகத்தார். சம வேலைக்குச் சம கூலி என்னும் கோரிக்கை தோட்டங்களில் 1984இலேயே நிறைவேறியது. அதற்கு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது.

பெண்ணின் உடலைச் சட்டம் காணவே இல்லையா எனின், ஓரிடத்திற் கண்டது. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்னர் ஏற்பட்ட திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையையுடைய தாய்க்குப் பாலூட்ட இரண்டு இடைவேளைகளை வழங்குகின்றது. பிள்ளைக் காம்பரா இருப்பின் அரை மணிக்குக் குறையாதும், இல்லாவிடின் ஒரு மணிக்குக் குறையாதும் அவ்விடைவேளைகள் அமைதல் வேண்டும். இது உயர்ந்த ஏற்பாடே. ஆயினும் இதிலடங்கிய நோக்கைக் கவனித்தல் வேண்டும். உணவு உழைப்புக்கு எரிபொருள். புழு உழைப்பைக் குறைக்கும் நோய். குழந்தை நாளைய உழைப்பாளி. இம்மூன்றுக்கும் சட்டத்தின் ஏட்டில் இடம் கிடைத்தது. எவருக்கும் எதனையும் ஈட்டித்தராத, தனக்கே உரிய ஒரு தேவையோடு நின்ற பெண்ணுக்கு அவ்வேட்டில் ஒரு வரியும் எழுதப்படவில்லை.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இம்முரணை உச்சத்துக்குக் கொண்டு சென்றது. தொழிற்சாலையில் வேலைசெய்வோருக்குப் போதிய மலசலகூட வசதி இருத்தல் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே அமைதல் வேண்டும் என அது விதித்தது. தேயிலைத் தொழிற்சாலை இதன் எல்லைக்குள் வந்தது. கொழுந்தை வாட்டுபவரும் அரைப்பவரும் இதனாற் பயன்பெற்றனர். ஆனால் மலை தொழிற்சாலையன்று. கொழுந்து லொறியேறித் தொழிற்சாலை வாயிலைத் தாண்டியதும் சட்டத்தின் பராமரிப்புக்குட் புகுந்துவிடும். அதனைக் கிள்ளியவள் வெளியே நின்றாள்.

தொழிற்சங்கங்கள் இதனை ஏன் முன்னிறுத்தவில்லை என்னும் வினா எழுதல் இயல்பு. 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது கேள்விக்குறியாயிருந்தது சங்கம் கூடும் உரிமையே. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். 1948இல் குடியுரிமையே பறிபோயிற்று. 1964இன் ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல்கடக்கச் செய்தது. உயிருக்கும் ஊருக்குமே உறுதியில்லாத மக்களின் தலைவர்கள் மலையில் ஒதுங்குமிடம் பற்றி மேடையேறிப் பேசவில்லையெனின், அதனை வியப்பதற்கில்லை. மற்றொரு காரணமும் உண்டு. அத்தலைவர்களுட் பெரும்பாலானோர் ஆண்கள். சங்கத்துக்குச் சந்தா செலுத்தியோரில் சரிபாதியினர் பெண்களாயிருந்தும், தோட்டக் கமிட்டிகளில் வாய்திறக்கும் இடம் அவர்களுக்கு அரிதாகவே கிடைத்தது. வாய்திறந்தாலும், சபையில் சொல்லக் கூசும் விடயமாக இதனை நம் பண்பாடு வைத்திருந்தது. துரையின் மௌனத்துக்கு நம்மவரின் நாணமும் துணைநின்றது என்பதை மறுத்தற்கில்லை.

பிறநாடுகளின் அனுபவமும் இங்கு ஒப்பு நோக்கற்பாலது. இந்தியாவில் 1951இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டம் ஒவ்வொன்றிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே மலசலகூடங்கள் எளிதில் அணுகத்தக்க இடங்களில் அமைதல் வேண்டுமென விதித்தது. ஏட்டில் எழுதப்பட்டது எல்லா மலைகளிலும் எழும்பிவிடவில்லை. எனினும் கேட்பதற்கு ஏட்டில் ஒரு வரி இருந்தது. கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடைகளில் நின்றே வேலைசெய்யும் ஊழியருக்கு அமரும் உரிமை சட்டமாக்கப்பட்டது. விம்பிள்டன் வீரருக்கு நாற்காலி வந்து நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே, துணிக்கடைப் பெண்ணுக்கு நாற்காலி வந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் கதை இன்னும் நேரடியாகப் பொருந்துவது. வயல்களில் வேலைசெய்வோருக்கு மலசலகூடம் வேண்டுமென்ற கோரிக்கை 1970களின் தொடக்கத்தில் எழுந்து, நீதிமன்றங்களில் நீண்ட காலம் இழுபட்டு, 1987இல் விதியாயிற்று. இருபது பேருக்கு ஒன்று வீதம், கால் மைல் நடைத் தூரத்துள் அது இருத்தல் வேண்டும். தொழிற்சாலைகளில் மலசலகூடங்கள் அதற்கு முன்னரே இருந்தன. ஆனால் அங்குச் செல்வதற்கு மேற்பார்வையாளர் விடவேண்டுமே! அவ்வாறு விடுதலும் கடமையே என அந்நாட்டின் தொழிற்பாதுகாப்புத் திணைக்களம் தெளிவுபடுத்தியது 1998இல் தான். கூடம் இருத்தல் வேறு, போக விடுதல் வேறு. டெனிஸ் விதிநூலோ இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. கூடம் இருப்பதை அது கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு, நேரத்தைப் பற்றி மாத்திரமே பேசுகின்றது. அந்த நம்பிக்கையே ஒரு வர்க்க அடையாளம்.

1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கூட்டு ஒப்பந்தங்கள் பல கைச்சாத்தாயின. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாவாயிற்று. இப்பேச்சுகள் யாவும் ரூபாவையும் கிலோவையுமே சுற்றி நின்றன. நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ என்பது போன்ற இலக்குகள் பல தோட்டங்களில் விதிக்கப்பட்டமையால், நிரையை விட்டு நீங்கும் ஒவ்வொரு நிமிடத்தின் விலையும் ஏறியது. பிறநாட்டுக் கொள்வனவாளர்க்கான சான்றிதழ்களின் தேவை கருதியும், சில நிறுவனங்களின் முயற்சியாலும், அண்மைக் காலத்திற் சில தோட்டங்கள் மலைகளிலேயே ஓய்வுக் கூடங்களையும் மலசலகூடங்களையும் அமைத்துள்ளன. இவை எல்லா மலைகளையும் எட்டவில்லை.

மலைச்சரிவில் இவற்றை அமைத்தல் கடினம், தண்ணீர் ஏற்றுவது கடினம், ஒரே மலையில் நாள்தோறும் கொழுந்தெடுப்பதில்லை என்பன தோட்ட நிருவாகங்கள் கூறும் நியாயங்கள். இவற்றுள் உண்மை உண்டு. கால் மைல் என்பது கலிபோர்னியாவின் சமதரையில் ஒன்று. ஹட்டனின் செங்குத்துச் சரிவில் ஈரத் தேயிலைக் கூடையோடு வேறொன்று. அமெரிக்க விதியை இயற்றியோரும் இதனை எண்ணாமலில்லை. நிலத்தின் அமைப்பால் குறித்த தூரத்துள் அமைக்க முடியாதெனின், வாகனம் வந்து நிற்கக்கூடிய மிக அண்மையான இடத்தில் அமைக்கவேண்டும் என அவ்விதியிலேயே எழுதிவைத்தனர். மலைநாட்டுத் தோட்டங்களில் அவ்விடத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. ஒவ்வொரு மலைக்கும் கொழுந்து நிறுக்கும் இடம் உண்டு. கொழுந்து லொறி நாளுக்குப் பல தடவை அங்கு வந்து நிற்கின்றது. கொழுந்து வாடிவிடக் கூடாது என்பதற்காக, அந்த இடத்துக்குப் பாதை வெட்டி நூறாண்டுக்கு மேலாயிற்று.